ஆசிரியர் கைபேசியில் என்ன படிக்கிறார்?

(ஆசிரியர் தினத்தையொட்டி நம் சங்கம் நடத்திய மாலைக் கூட்டத்தில், ‘பி’ பிளாக்கில் வசிக்கும் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. காலாண்டு மடலுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், நாற்காலி போதாமல் பின்னால் நிற்பவர்களுக்கும், கேரம் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி.

செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டு, “ஆசிரியர் தினம், ஆசிரியர்களைப் பற்றியே ஏதாவது பேசுங்க மேடம்” என்றார். ஆசிரியர்களின் பெருமையை வருடா வருடம் கேட்கிறோம். அதனால் இன்று வேறொன்றைப் பேசுகிறேன். இங்கே இருக்கும் பெற்றோர் சிலர் லிஃப்டில் பார்க்கும்போது என்னிடம் கேட்பதுண்டு: “இப்பல்லாம் டீச்சர்ஸ் எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்காங்களே, அதுல என்னதான் பண்றாங்க?” நியாயமான கேள்வி. எல்லோரும் படிக்கிறார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் சிலர் உண்மையிலேயே தொழில் கற்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது, அதில் உங்களுக்கு என்ன பங்கு என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆசிரியர் வேலை வெளியிலிருந்து பார்க்கக் கூட்டமான வேலை. நாற்பது பிள்ளைகள், ஒரே சத்தம். உள்ளே வந்து பார்த்தால் தனிமையான வேலை. மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் சேர்ந்து பார்க்கிறார்கள். கட்டுமான வேலையில் மேஸ்திரி செய்வதைச் சித்தாள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கிறார். எங்களுக்கு வகுப்பறைக் கதவு மூடிவிட்டால் அவ்வளவுதான். பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை இன்னொரு ஆசிரியை எப்படி நடத்துகிறார் என்று இருபது வருடம் வேலை பார்த்தும் ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் எங்களில் உண்டு. அவருக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருக்கும், எப்படிப் போய்ப் பார்ப்பது?

பயிற்சி வகுப்புகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரமாவது தன் தொழிலைக் கற்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். கற்க நேரம் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சிக்கல் என்னவென்றால், பயிற்சி ஜூன் மாதம் நடக்கிறது. பிள்ளைக்குப் புரியாத இடமோ நவம்பரில், செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் வருகிறது. அன்று சாயங்காலம் யாரைக் கேட்பது?

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். “சி பிளாக் மூணாவது மாடியில பாத்ரூம் லீக் ஆகுது, நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா?” என்று ஒருவர் கேட்டால் பத்து நிமிடத்தில் நாலு பேர் நம்பர் அனுப்புகிறார்கள். ஒருவர் கூடுதலாக, “முதல்ல மேல் வீட்டுக் குழாயைப் பாருங்க, எங்க வீட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு” என்கிறார். அந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். அவர் நம்பர் தரவில்லை, தன் அனுபவத்தைத் தந்தார். ஆசிரியர் குழுக்களிலும் நாங்கள் தேடுவது அந்த ஆளைத்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் தசம எண்கள் நடத்துகிறோம். 0.4, 0.15 இரண்டில் எது பெரியது? “0.15 தான் மிஸ். பதினஞ்சு, நாலை விடப் பெரிசு” என்பார்கள் பல பிள்ளைகள். வருடா வருடம் வரும் பதில் இது. நான் உறுப்பினராக இருக்கும் ஒரு சிறிய கணித ஆசிரியர் குழுவில் இதைப் போட்டு, “நீங்கள் இந்த இடத்தை எப்படிக் கடக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

மூன்று விதமாகப் பதில் வந்தது. முதலாவது, “பின்னால் ஒரு சுழியம் போடச் சொல்லுங்கள், 0.40, 0.15, அப்புறம் ஒப்பிடச் சொல்லுங்கள்.” விடை சரியாக வந்துவிடும், ஆனால் ஏன் சுழியம் போடுகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியாது. இரண்டாவது, “நூறு கட்டம் போட்ட தாளில் வண்ணமடிக்கச் சொல்லுங்கள்.” 0.4 என்றால் நான்கு முழு வரிசை, அதாவது நாற்பது கட்டம். 0.15 என்றால் ஒன்றரை வரிசை, பதினைந்து கட்டம். கண்ணாலேயே தெரிந்துவிடும். இவரே இன்னொன்றும் சொன்னார்: ரூபாய், பைசாவை வைத்து ஆரம்பித்தால் பிள்ளைகள் 2.5 ரூபாயை ‘இரண்டு ரூபாய் ஐந்து பைசா’ என்று படிப்பார்கள், புள்ளிக்கு முன்னால் ஓர் எண், பின்னால் வேறோர் எண் என்றே நினைத்துவிடுவார்கள், கவனம்.

மூன்றாவது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அனுப்பியது. ஒரே வரி: “0.4 என்று சரியாகச் சொன்ன பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டீர்களா?”

மறுநாள் கேட்டேன். சரியாகச் சொன்னவர்களில் சிலர், “புள்ளிக்கு அப்புறம் ஒரே ஓர் இலக்கம் இருந்தா அதுதான் மிஸ் பெரிசு” என்றார்கள். பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கை விடப் பெரியது என்று படித்ததை, இலக்கம் குறைந்தால் மதிப்பு கூடும் என்று அவர்களாகவே விதியாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் 0.3, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 0.3 என்கிறார்கள். விடைத்தாளில் டிக் வாங்கிய பிள்ளைக்குள்ளேயும் புரியாத இடம் ஒளிந்திருக்கிறது. எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாத ஒரு பெரியவர் அனுப்பிய ஒற்றை வரியால் அது வெளியே வந்தது. நூறு கட்டத் தாளில் 0.3-ஐயும் 0.45-ஐயும் வண்ணமடித்த பிறகு அந்தப் பிள்ளைகளே சிரித்தார்கள். நடந்ததைத் திரும்பப் போய்க் குழுவில் எழுதினேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதினார்கள்.

இதைத்தான் நான் கற்றல் என்கிறேன். கேள்வி என் வகுப்பிலிருந்து போக வேண்டும். வந்த பதிலை என் வகுப்பில் செய்து பார்க்க வேண்டும். என்ன நடந்தது என்று திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கைபேசி ஒரு பயிற்சி நிலையம். இல்லாவிட்டால், சேமித்து வைத்துத் திறந்தே பார்க்காத முந்நூறு பி.டி.எஃப்.களின் கிடங்கு.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2009-லேயே அமெரிக்க ஆசிரியர்கள் ட்விட்டரில் ‘எட்சாட்’ என்ற ஹேஷ்டேகின் கீழ் செவ்வாய்க்கிழமைதோறும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். டான் மேயர் என்று ஓர் உயர்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியர். 2010-இல் அவர் ஆற்றிய டெட் உரை உலகம் முழுக்கக் கணித ஆசிரியர்களிடம் பரவியது. பாடப்புத்தகக் கணக்கில் எல்லா எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம், பிள்ளை யோசிக்க எதையும் மிச்சம் வைப்பதில்லை என்பது அவர் வாதம். அதற்குப் பதில், ஒரு தொட்டியில் மெதுவாகத் தண்ணீர் நிரம்பும் காட்சியைக் காட்டுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையே பொறுமை இழந்து, “எப்ப சார் நிரம்பும்?” என்று கேட்டுவிடும். கேள்வி பிள்ளையிடமிருந்து வருகிறது.

அதைப் பார்த்தபோது எனக்கு நம் சம்ப்தான் ஞாபகம் வந்தது! போன கோடையில் தண்ணீர் லாரி வந்தபோது, செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லிவிட்டு, குழாயிலிருந்து தண்ணீர் விழுவதை மட்டும் வீடியோ எடுத்தேன். வகுப்பில் அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். “லாரி காலியாக எவ்வளவு நேரம் ஆகும் மிஸ்?” வந்துவிட்டது கேள்வி. “கண்டுபிடிக்க உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?” என்று நான் கேட்டேன். லாரி எவ்வளவு பிடிக்கும் என்றார்கள், 12,000 லிட்டர். குழாய் எவ்வளவு வேகம் என்றார்கள். 200 லிட்டர் டிரம் நிரம்ப 20 நொடி. அப்படியானால் நொடிக்கு 10 லிட்டர், மொத்தம் 1,200 நொடி, 20 நிமிடம். உண்மையில் 25 நிமிடம் ஆனது. ஏன்? அரை வகுப்பு நேரம் அதிலேயே போயிற்று. லாரியில் தண்ணீர் மட்டம் குறையக் குறைய வேகமும் குறைகிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான். வீட்டில் வாளியில் ஓட்டை போட்டுப் பார்த்திருக்கிறானாம். இதையும் குழுவில் பகிர்ந்தேன். லாரித் தண்ணீர் தேவைப்படாத ஊரின் ஆசிரியர் ஒருவர், பள்ளியின் மேல்நிலைத் தொட்டியை வைத்து இதையே செய்தார். ஆக, நம் சம்ப் இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தியிருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தில் இதைக் கழித்துக்கொள்ளலாமா என்று பொருளாளரைக் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் இப்படிப் பகிர்ந்தவர்கள் உண்டு. புனேயைச் சேர்ந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் இவற்றை வைத்தே அறிவியல் பொம்மைகள் செய்து, செய்முறையை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோலாப்பூர் மாவட்டத்து ஊராட்சிப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசலே, பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு ஒட்டிப் பாடத்தைப் பிள்ளைகளின் மொழியில் கொண்டுசேர்த்தவர். 2020-இல் உலக ஆசிரியர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தபோது, அதில் பாதியைத் தன்னோடு இறுதிச் சுற்றுக்கு வந்த ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். நம் பிள்ளைகளின் தமிழ்நாடு பாடநூல்களிலும் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்து பார்க்காதவர்கள் இன்றே பாருங்கள்.

இனி மறுபக்கம்.

ஆசிரியர் குழுக்களில் பொய்யும் ஓடுகிறது, அதுவும் படித்தவர் மாதிரி உடை உடுத்திக்கொண்டு. ஒரு முக்கோணப் படம் வரும்: படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் என்று. கீழே எட்கர் டேல் என்று பெயர் போட்டிருக்கும். எட்கர் டேல் உண்மையான கல்வியாளர்தான். 1946-இல் அவர் வரைந்த கூம்புப் படத்தில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. எண்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. மனித நினைவு இப்படிப் பத்து, இருபது, முப்பது என்று ஒழுங்காக ஏறுமா என்று ஒரு நிமிடம் யோசித்தாலே சந்தேகம் வரும்.

இன்னொன்று, “உங்கள் குழந்தை பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா?” என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பது. அந்தப் பிரிவின்படி பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே உளவியல் ஆய்வாளர்கள் நால்வர் விரிவாக எழுதிவிட்டார்கள். ஆனாலும் அது இன்றும் ஃபார்வர்டு ஆகிறது. “என் பையன் கேட்டுக் கற்கிற டைப், அதான் எழுத மாட்டேங்கிறான்” என்று நம் பூங்கா பெஞ்சிலேயே கேட்டிருக்கிறேன். அவனுக்கு எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன், உங்கள் குடும்பக் குழுவுக்கும் பயன்படும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-இல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அனுப்பியவரிடம், “நீங்கள் உங்கள் வகுப்பில் செய்து பார்த்தீர்களா?” என்று கேட்பேன். செய்து பார்த்தவர் பத்து வரி எழுதுவார். செய்யாதவர் கும்பிடு எமோஜி போடுவார். எனக்கு விஷயம் விளங்கிவிடும்.

அடுத்தது இதைவிடப் பெரியது. பகிர்வதற்கும் காட்டிக்கொள்வதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. சமூக ஊடகம் கைதட்டுவது நன்றாக நடந்ததற்கு. ஆசிரியர் கற்பதோ சரியாக வராத இடத்தில். “என் பிள்ளைகளுக்கு இது புரியவில்லை, என்ன செய்யலாம்?” என்று எழுதினால் பத்தாயிரம் லைக் வராது. பிள்ளைகள் வரிசையாக நின்று பாடி ஆடும் ரீல்ஸ் போட்டால் வரும். அந்த லைக்குக்கு விலை கொடுப்பது யார்? பிள்ளை. தப்பாக வாய்ப்பாடு சொல்லும் குழந்தையின் வீடியோவைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போதும் அது எங்கோ ஒரு போனில் இருக்கும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வகுப்பில் ஒரு பிள்ளை கைதூக்கித் தப்பான விடை சொல்வது எங்கள் மேல் உள்ள நம்பிக்கையால். “இவங்க சிரிக்க மாட்டாங்க” என்ற நம்பிக்கை. அது உடைந்தால் அந்தப் பிள்ளை மறுபடி கை தூக்காது. கை தூக்காத பிள்ளைக்கு எந்த இடம் புரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். பிள்ளையின் விடையைப் பகிர வேண்டுமானால் என் கையெழுத்தில் வேறு தாளில் எழுதித்தான் படம் எடுப்பேன். கேள்வி கேட்க அது போதும்.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கற்றல் எல்லாம் பெரும்பாலும் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகுதான். அதே போனில் பள்ளிச் சுற்றறிக்கை, பெற்றோர் குழு, சொந்தக்காரர் கல்யாணச் செய்தி எல்லாம் வருகிறது. உத்தரவு வருகிற குழுவும் கற்கிற குழுவும் ஒன்றாக இருந்தால் கற்பது நின்றுவிடும், ஏனென்றால் மேலதிகாரி இருக்கும் இடத்தில் யாரும் “எனக்கு இது புரியவில்லை” என்று எழுதமாட்டார்கள். கற்கிற குழு சின்னதாக இருக்க வேண்டும். நான் வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். மற்ற நாள் அந்தக் குழுவுக்கு மௌனம்.

இப்போது உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

பெற்றோருக்கு: ஆசிரியரைப் பார்க்கும்போது “போர்ஷன் முடிஞ்சிருச்சா?” என்று மட்டும் கேட்காமல், “இந்த வருஷம் இந்தப் பாடத்துல புதுசா என்ன செஞ்சு பார்த்தீங்க?” என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்க ஆளிருந்தால் செய்து பார்க்க மனம் வரும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுப்பாடம் பற்றிக் கேட்காதீர்கள்; காலையில் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். பள்ளி உங்கள் பிள்ளையின் படத்தை எங்கே போடுகிறது என்று தயங்காமல் விசாரியுங்கள், அது உங்கள் உரிமை. நம் பிளாக் குழுவில் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் போடுவதையும் நிறுத்திக்கொள்வோம். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை நாம் பாராட்டும் நேரத்தில், அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் படுத்திருக்கும்.

பெரியவர்களுக்கு: நம் வளாகத்திலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் டியூஷன் எடுக்கும் இளம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்க ஆளில்லை. “சரியாகச் சொன்ன பிள்ளையிடம் ஏன் என்று கேட்டீர்களா?” என்று எழுதிய பெரியவரைப் போல ஒருவர் இந்த அறையிலேயே இருக்கலாம். செயலாளர் சாரிடம் பேசியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் இன்று சாப்பாட்டுக்கு முன்பு அந்த மேசையில் உள்ள நோட்டில் பெயரும் பிளாட் நம்பரும் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குழு ஆரம்பிக்கலாம். விதி ஒன்றே ஒன்றுதான்: ஃபார்வர்டு கிடையாது, கேள்வி மட்டும். “குட் மார்னிங்” படத்துக்கும் அங்கே இடமில்லை, அதற்கு நம் பெரிய குழு இருக்கவே இருக்கிறது.

பிள்ளைகளே, இனி நீங்கள் கேரம் ஆடப் போகலாம்.